அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘ரியல் எஸ்டேட் அதிபர்’ என்று போட்டிருக்கிறார்கள். என் வீட்டில் அதைப் படித்துவிட்டு, "யாரு அது?" என்று கேட்டார்கள். நான் அதிபரும் இல்லை, ஒன்றும் இல்லை. சோழபுரத்தில் என்னை ‘தோப்புத் தரகர்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ‘தோப்பு’ என்ற ஒரு சொல்லை என் பெயருக்கு முன்னால் சேர்த்துக் கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. ஒரு பெரியவருடைய பணமும் அதற்குச் செலவாயிற்று. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தரகுத் தொழிலைப் பற்றிக் கல்லூரி மேடையில் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றும். ஆனால், வணிகவியல் படிக்கும் உங்களில் சிலராவது நாளைக்கு இந்தத் தொழிலுக்கு வரத்தான் போகிறீர்கள். வராதவர்களும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு தரகரை நம்பி இடம் வாங்கத்தான் போகிறீர்கள். அதனால் இந்தப் பேச்சு எல்லாருக்கும் ஆனதுதான்.

நம்ம வட்டாரம் சொல்லித் தரும் பாடம்

நம்மைச் சுற்றி இருக்கும் ஊர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராஜபாளையம் என்றால் நூல். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயிலுக்கு அடுத்தபடி பால்கோவா. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. சத்திரப்பட்டி என்றால் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. தளவாய்புரம் என்றால் நைட்டி. சிவகாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சின்னச் சின்ன ஊர்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சரக்கைப் பிடித்துக் கொண்டு, அதன் அடி முதல் நுனி வரை கற்றுக் கொண்டது. சத்திரப்பட்டித் தறிக்காரர் பட்டுச்சேலை நெய்யப் போகவில்லை. பால்கோவாக் கடைக்காரர் பாலை எத்தனை நேரம் கிண்ட வேண்டும், எப்போது சர்க்கரை போட வேண்டும் என்பதில்தான் கவனம் வைத்தார்.

இப்போது அதே ஊர்களில் தரகர்களின் போர்டைப் படித்துப் பாருங்கள். "வீடு, மனை, தோட்டம், தோப்பு, கடை, மில் ஷெட், வாடகை, ஒத்தி, கடன் உதவி, வாகன இன்ஷூரன்ஸ்." கீழே ஒரு வரி, "நல்ல வரன்களும் பார்த்துத் தரப்படும்." சிரிக்கிறீர்கள். என்னுடைய போர்டும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வரன் மட்டும்தான் இல்லை.

ஊரே ஒரு சரக்கில் ஊறி முன்னுக்கு வந்திருக்கும்போது, தரகர் மட்டும் எல்லாச் சரக்கையும் விற்கலாம் என்று எப்படி நினைத்தோம்? பதில் சுலபம். தறிக்காரர் தப்பாக நெய்தால் துணியைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தரகர் தெரியாமல் சொன்னது தப்பு என்று வெளியே வர இரண்டு வருஷம், பத்து வருஷம் ஆகும். அதற்குள் கமிஷன் கைக்கு வந்து, செலவும் ஆகியிருக்கும்.

நான் செய்த தவறு

நான் தொழிலுக்கு வந்தது தோப்பு, தோட்டம் வழியாகத்தான். அப்பா விவசாயி. சோழபுரத்தைச் சுற்றி எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு கோடையில் தரை தட்டும் என்று சின்ன வயசிலேயே தெரியும். அந்த அறிவை வைத்துத்தான் முதல் பத்துப் பதினைந்து வியாபாரம் முடித்தேன். கொஞ்சம் பெயர் வந்தது. பெயர் வந்ததும் ஆசை வந்தது. அகலக்கால் வைத்தேன்.

2014-ஆம் வருஷம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வந்த பணத்தை பேங்கில் போட்டு வைத்திருந்தார். "மகளுக்குக் கல்யாணம் வரும்போது வித்துக்கலாம். அதுவரைக்கும் இடமா இருக்கட்டும். நீ பாத்துச் சொல்லு தம்பி" என்றார். அப்போது பக்கத்து மாவட்டத்தில் ஒரு லேஅவுட் போட்டிருந்தார்கள். நான் அதுவரை வேலை பார்த்திராத ஊர். அங்கே மனை விற்றுக் கொடுத்தால் நூற்றுக்கு இரண்டு கமிஷன் என்றார்கள். பத்திரத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பட்டா இருந்தது. தோப்புக்கு நான் பார்ப்பது இவ்வளவுதானே! "நல்ல இடம் அண்ணாச்சி, வாங்கலாம்" என்றேன். 5 சென்ட் வாங்கினார். 2,178 சதுர அடி.

நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி. "இந்த லேஅவுட்டுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இருக்கிறதா?" டி.டி.சி.பி. அப்ரூவல் என்று சொல்கிறோமே, அது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது என்பது அன்று எனக்குத் தெரியாது. ஏன் தெரியவில்லை? தோப்பை யாரும் மனையாகப் பிரித்து ரோடு போட்டு விற்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வியே தேவைப்பட்டதில்லை.

2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலங்கள் எல்லாம் கேள்விமுறை இல்லாமல் மனைகளாகிக் கொண்டிருந்த காலம். நீதிமன்றம் செய்தது சரிதான். ஆனால் அந்த வருஷம்தான் அண்ணாச்சி மகளுக்கு வரன் அமைந்தது. 2017 தை மாதம் கல்யாணம். இடத்தை விற்கப் போனால் பதிவு ஆகவில்லை. வாங்க ஆள் இருந்தது, பேசின விலையும் குறைவில்லை. பதிவு அலுவலகத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நீ சொன்னேன்னுதானே தம்பி வாங்கினேன்" என்றார். அவ்வளவுதான். நான் வாங்கின கமிஷனை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். அது எந்த மூலைக்கு? வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணத்தை நடத்தினார். 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான மனைகளை வரன்முறை செய்ய 2017 மே மாதம் அரசு விதிகள் கொண்டு வந்தது. கட்டணம் கட்டி, அலைந்து திரிந்து, அந்த மனை பிறகு சரியானது. ஆனால் கல்யாணம் தையில் அல்லவா முடிந்துவிட்டது? வட்டி நிற்கவா செய்யும்?

நான் பொய் சொல்லவில்லை. ஏமாற்றவும் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன், அவ்வளவுதான். நம் தொழிலில் அதுவும் ஏமாற்றுக்குப் பக்கத்து வீடுதான் என்று அன்றைக்குத் தெரிந்து கொண்டேன். மறுநாள் போர்டை இறக்கினேன். "சோழபுரம் வட்டாரம். தோப்பு, தோட்டம் மட்டும்" என்று எழுதி மாட்டினேன்.

‘மட்டும்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

"எல்லாமே இப்போ இணையத்துல இருக்கே சார், தரகர் எதுக்கு?" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் இன்று வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். மிகவும் நல்லது. ஆனால் ஒரு தோப்பை வாங்குகிறவருக்கு அந்தக் காகிதங்கள் சொல்லாத சேதிகள் இருக்கின்றன. சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கிணறு. பத்திரத்தில் "கிணற்றில் நாலில் ஒரு பங்கு" என்று இருக்கும். மீதி மூன்று பங்கு யாருடையது, மோட்டார் ஓட்ட யாருக்கு எந்தக் கிழமை முறை, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இணைப்பு செத்துப் போன பெரியப்பா பெயரில் இருந்தால் அது தனி வேலை. இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் கிணற்றைக் காட்டி விற்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் நிற்கும். என்னிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: "சித்திரை, வைகாசியில் வந்து ஒரு தடவை எட்டிப் பாருங்க. அப்புறம் விலை பேசுவோம்."

இரண்டாவது பாதை. வண்டி போகிறது, லாரி போகிறது என்று காட்டுவார்கள். அது பத்திரத்தில் உள்ள பாதையா, பக்கத்துக்காரர் மனசு வைத்து விட்டு வைத்திருக்கிற பாதையா? மனசு மாறினால் தேங்காய் லோடு எப்படி வெளியே வரும்?

மூன்றாவது குத்தகை. மாந்தோப்பைப் பூப்பூக்கும் முன்பே இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று குத்தகைக்கு விட்டிருப்பார்கள். பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். வில்லங்கச் சான்றில் அது வராது. நீங்கள் கிரயம் முடித்துப் போய் நின்றால், சப்பட்டை மாம்பழத்தை வேறொருவர் பறித்துக் கொண்டிருப்பார். கேட்டால், "முதலாளிகிட்ட ரூபா கொடுத்திருக்கேன்" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

நான்காவது உட்பிரிவு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று சொல்வார்கள், பல இடங்களில் பெயரும் பரப்பும் மாறிப் பதிவாகிவிட்டன. பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட், பட்டாவில் 1 ஏக்கர் 5 சென்ட் என்று நிற்கும். அந்த 15 சென்ட் யார் பட்டாவில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த ஊரில் நாலு தலைமுறைக் கதை தெரிந்தவருக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

ஐந்தாவது மலை. நம் மேற்கு எல்லையில் மலை இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் வந்தது. மலையடித் தோப்பு பார்க்க அழகாக இருக்கும். வெளியூர்க்காரர், "இங்கே ஒரு பண்ணை வீடு கட்டி ஆள் தங்க விடலாம்" என்று கணக்குப் போடுவார். அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் வருகிறதா, வனத்துறை எல்லை எவ்வளவு தூரம், யானை எந்த மாதத்தில் எந்த வழியாக இறங்கும் என்று சொல்ல ஆள் வேண்டும். பன்றி வந்து போவதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக மரம். தென்னைக்கு என்ன வயசு, எத்தனை நாளைக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு எத்தனை காய்? 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ பிறகு எல்லாப் பக்கமும் பரவிவிட்டது. ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் தென்னந்தோப்புக்கு விலை சொல்லக்கூடாது.

பார்த்தீர்களா, தோப்பு என்ற ஒரே ஒரு சரக்குக்குள் இவ்வளவு இருக்கிறது. இதில் எதுவும் மனை வியாபாரத்துக்கு உதவாது. அதே மாதிரி மனைக்குத் தெரிய வேண்டியது வேறு ஒரு பெரிய பட்டியல். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்களைப் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவு செய்ய வேண்டிய திட்டத்தில் விற்றுக் கொடுக்கிற தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம். அனுமதி எண், ரோட்டு அகலம், பூங்காவுக்கு விட்ட இடம், அது உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா, இப்படிப் போகும். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். ஆணையரின் அனுமதி இல்லாமல் அதன் விற்பனை செல்லாது. ஒரு மனிதர் இத்தனையையும் தலையில் ஏற்றிக் கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. முடியும் என்று சொல்கிறவரிடம் நான் இடம் வாங்க மாட்டேன்.

"சின்ன ஊரில் பிழைக்க முடியுமா?"

இது அடுத்த கேள்வி. மிகவும் முக்கியமான கேள்வியும் கூட. நம் பேராசிரியர் ஆடம் ஸ்மித்தைப் பற்றி நடத்தியது ஞாபகம் வருகிறது. 1776-ல் வந்த புத்தகத்தில் குண்டூசித் தொழிற்சாலையைப் பற்றி எழுதினார். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக் கொண்டு செய்தால் ஒரு நாளில் 48,000 குண்டூசி. தனித்தனியாகச் செய்தால் ஆளுக்கு 20 கூடத் தேறாது. இது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே மனிதர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். சந்தை எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்குத்தான் வேலையைப் பிரிக்க முடியும் என்றார். குக்கிராமத்தில் ஒரே ஆள்தான் தச்சரும், ஆசாரியும், வண்டி செய்கிறவருமாக இருக்க வேண்டியிருக்கும்.

அதனால், "சென்னையில் செய்யலாம், சோழபுரத்தில் எப்படி?" என்று கேட்பது நியாயம்தான். உண்மையைச் சொல்கிறேன். போர்டை மாற்றின பிறகு முதல் ஆறு மாதம் எனக்கு ஒரு வியாபாரமும் நடக்கவில்லை. வீட்டில் நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு அது வறட்சி வருஷம். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. கிணறு வற்றின வருஷத்தில் எவன் தோப்பு வாங்குவான்? சொந்தத் தோட்டத்தில் வந்த காய்கறியும், பால்மாட்டு வருமானமும்தான் அடுப்பை எரிய வைத்தன. ஆகையால் தம்பிகளே, ஒரு துறையைப் பிடித்துக் கொள்கிறவர் அந்தத் துறை படுக்கும் வருஷத்துக்கும் சேர்த்து ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும். ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு வழி வைத்துக் கொண்டு இறங்குங்கள். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை.

ஆனால் பிறகு என்ன நடந்தது? சந்தை பெரிதானது. ஊர் பெரிதாகவில்லை, என் பெயர் போய்ச் சேரும் தூரம் பெரிதானது. சென்னையில், பெங்களூரில், வளைகுடாவில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள், "சோழபுரம் பக்கம் தோப்பா? அவர்ட்ட கேளு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாம் விற்கிறவரைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. எதற்காக என்று சொல்வார்கள்? ஒரு சரக்குக்கு ஒரு பெயர் என்றால்தான் வாயில் நிற்கிறது. மனை கேட்டு வருகிறவர்களை ராஜபாளையத்தில் மனை மட்டும் பார்க்கிற நண்பரிடம் அனுப்புகிறேன். அவர் தோப்பு கேட்டு வருகிறவர்களை என்னிடம் அனுப்புகிறார். நாங்கள் போட்டிக்காரர்களாக இருந்தோம். இப்போது தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக் கொள்கிறோம்.

பொருளாதாரம் படிப்பவர்களுக்கு ஒன்று. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விற்கிறவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லாக் காருக்கும் விலையைக் குறைத்தே கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மனமில்லாமல் போய்விடுவார். கடைசியில் சந்தையில் மோசமான கார்தான் மிஞ்சும். நிலத்துக்கும் இது பொருந்தும். அந்த இருட்டில் ஒரு விளக்காக நிற்பதற்குத்தான் தரகருக்குக் கமிஷன். தனக்கே தெரியாதவர் எப்படி வெளிச்சம் காட்டுவார்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரே வட்டாரத்தில் ஊறிவிட்டால் விற்கிறவர்கள் எல்லாரும் நமக்கு மாமன், மச்சான், சித்தப்பா ஆகிவிடுவார்கள். வாங்க வருகிறவர் மட்டும் வெளியூர். மனசு யார் பக்கம் சாயும்? நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தெரிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி, விற்கிறவர் முன்னாலேயே வாங்குகிறவரிடம் படித்துக் காட்டிவிடுவேன். யாரிடம் எவ்வளவு கமிஷன் என்பதையும் அதிலேயே எழுதிவிடுவேன். இதனால் சில வியாபாரம் முறிந்திருக்கிறது. முறிந்த வியாபாரத்துக்காக இதுவரை யாரும் என் திண்ணையில் வந்து உட்காரவில்லை.

உங்களுக்கு என்ன இருக்கிறது?

"தோப்பை நீங்க பிடிச்சுக்கிட்டீங்க, எங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

சத்திரப்பட்டியிலும் தளவாய்புரத்திலும் தறி போட, தையல் மெஷின் போட ஷெட் கேட்டு அலைகிறார்கள். மும்முனை மின்சாரம் எவ்வளவு கிடைக்கும், கூரை உயரம் போதுமா, லோடு வண்டி திரும்புமா என்று தெரிந்து ஷெட் மட்டும் பார்த்துக் கொடுக்கிற ஒருவர் இருந்தால் அவரைத் தேடி வருவார்கள்.

ஊரை விட்டுப் போனவர்களின் பூர்வீகச் சொத்து இன்னொரு பெரிய துறை. அண்ணன் சென்னையில், தம்பி துபாயில், அக்கா மதுரையில். அப்பா பெயரில் வீடு பூட்டிக் கிடக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற குழப்பத்தையும் 2020-ல் உச்சநீதிமன்றம் தீர்த்து வைத்தது. இன்னும், "அக்கா கையெழுத்து எதுக்கு? அவளுக்குத்தான் நகை போட்டாச்சே" என்கிற வீடுகள் இருக்கின்றன. வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, வெளிநாட்டில் எழுதின பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டுவது, இதையெல்லாம் ஒரு வக்கீலோடு சேர்ந்து பொறுமையாக நடத்தித் தருகிற தரகர் கிடைத்தால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு மறக்காது. இந்த வேலைக்குப் பெண்கள் இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து. கூடத்தில் பேசாத அக்கா, அடுக்களையில் பேசுவார். தங்கைகள் யோசிக்க வேண்டும்.

வயசானவர்களுக்கு வீடு பார்ப்பது மற்றொன்று. படி ஏறாத வீடு, ஆஸ்பத்திரி பக்கம், கோயில் நடக்கிற தூரம், தண்ணீர்க் கஷ்டம் இல்லாத தெரு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றி இப்படிக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தத் தெருக்கள் மட்டும் தெரிந்தால் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நான் மூன்று கேள்வி சொல்கிறேன். உங்களுக்கு ஏற்கெனவே யாருக்கும் தெரியாதது என்ன தெரியும்? அது தேவைப்படுகிறவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பேராவது இருக்கிறார்களா? அவர்கள் உங்களை நம்பிப் பணம் போட்டுத் தப்பாகப் போனால், அதைச் சரிசெய்ய யாரிடம் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், அது உங்கள் துறை இல்லை. அதைப் பார்க்கிற இன்னொருவரிடம் அனுப்பிவிடுங்கள்.

பத்து லட்சம் ரூபாய்க்கு ஒருவர் இடம் வாங்கினால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 என்று 90,000 ரூபாய் அரசுக்குக் கட்டுகிறார். நமக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு தருகிறார். அரசு அந்தப் பணத்துக்கு ஒரு பதிவெண் தருகிறது. நாம் என்ன தருகிறோம்? "எனக்குத் தெரியும்" என்ற ஒரு சொல்லைத் தருகிறோம். அந்தச் சொல் உண்மையாக இருக்க வேண்டும். "எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள்" என்று சொல்லப் பழகினவர் வாயில்தான் அது உண்மையாக இருக்கும்.

கடைசியாக, அண்ணாச்சியைப் பற்றி. சில வருஷம் கழித்து சோழபுரம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். நான்தான் தயங்கிக் கொண்டு போய் வணக்கம் சொன்னேன். "இப்ப என்ன வித்துக்கிட்டு இருக்கே?" என்று கேட்டார். "நம்ம வட்டாரத்துல தோப்பு மட்டும்தான் அண்ணாச்சி. வேற எதையும் தொடுறதில்லை" என்றேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். "அதை அப்பவே செஞ்சிருக்கலாம்ல" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

எனக்குக் கிடைத்த பட்டங்களிலேயே பெரிய பட்டம் இந்தக் கல்லூரி கொடுத்தது. எனக்குக் கிடைத்த பாடங்களிலேயே பெரிய பாடம் அந்த பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. அகல உழுவதை ஆழ உழு என்று நம் விவசாயிகள் சும்மா சொல்லவில்லை. நீங்கள் அதை அடுத்தவர் பணத்தில் கற்றுக் கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.